பெயின்ட்டுக்கு முன்னால் சுவர்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க கான்ட்ராக்டரைக் கூப்பிடுகிறோம். வந்ததும் என்ன கேட்கிறோம்? சதுர அடிக்கு என்ன ரேட்டு?

அது இருக்கட்டும். முதலில் சுவரைப் பற்றிக் கேளுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவீர்களா? பட்டி பார்ப்பீர்களா? பிரைமர் உண்டா? அதற்கு மேல் எத்தனை கோட்டு?

ஈரத் தலையில் எண்ணெய் ஒட்டுமா? ஓதம் ஏறிய சுவரும் அப்படித்தான். எவ்வளவு உசத்தியான பெயின்ட்டும் உரிந்து வந்துவிடும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். சுவர் காய வேண்டும். பிறகுதான் பெயின்ட். ரேட்டைக் குறைக்கிறவர் பெரும்பாலும் கைவைப்பது இந்தச் சுவர் வேலையில்தான். நாமோ எந்த நிறம் என்றுதான் வீட்டில் சண்டை போடுகிறோம்!

சுவர் வேலை, கோட்டுக் கணக்கு, பேசிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் அதற்கு அப்புறம்.