மரப்பட்டையில் ஒரு பட்டா



பழங்குடி ஓவியம் ஒன்றைப் பார்த்ததும் "என்ன அழகு!" என்கிறோம். பாராட்டு நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், பத்திரத்தைக் கையில் வாங்கி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்ன்ஹெம் லேண்ட் பகுதியில் யிர்கலா என்றோர் ஊர். யோல்ங்கு மக்களின் ஊர். 1963இல் அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் மண்ணில் 300 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியது அரசு. அந்த மக்கள் மனு எழுதினார்கள். ஆங்கிலத்திலும் தங்கள் மொழியிலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டினார்கள். சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களைத் தீட்டி, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

மனுவுக்குச் சித்திரம் எதற்கு? யோல்ங்கு மக்களிடம் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிச் சித்திரங்கள் உண்டு. அவை அந்தக் குலத்தின் நிலத்தோடும் நீரோடும் முன்னோரோடும் பிணைந்தவை. உரிமை உள்ளவர் மட்டுமே அவற்றை வரையலாம். வரைந்தார் என்றால், இந்த மண் எங்களுடையது என்று சாட்சி சொன்னார் என்று பொருள். துவா, யிரிட்ஜா என்று அந்தச் சமூகத்துக்கு இரண்டு பாதிகள். ஒரு மனுவில் துவா சித்திரங்கள், இன்னொன்றில் யிரிட்ஜா சித்திரங்கள். ஒரு சமூகமே சேர்ந்து கையெழுத்திட்டது! நாடாளுமன்றம் படிக்கத் தாள். தங்கள் சட்டம் பேச மரப்பட்டை.

சுரங்கம் நிற்கவில்லை. 1971இல் நீதிமன்றமும் கைவிட்டது. அவர்கள் ஓயவில்லை. 1976இல், ஆர்ன்ஹெம் லேண்ட் அடங்கிய வட பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்தது. 2008இல், அவர்கள் நிலத்தின்மீது ஏறி இறங்கும் கடல்நீரும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் என்றது உயர் நீதிமன்றம்.

இதற்கு நேர்மாறான கதையையும் கேளுங்கள். 1966இல் ஆஸ்திரேலியா புதிய ஒரு டாலர் நோட்டை வெளியிட்டது. அதில் ஆர்ன்ஹெம் லேண்ட் ஓவியர் டேவிட் மலாங்கியின் சித்திரம் இருந்தது. முன்னோன் ஒருவனின் இறுதிச் சடங்கைச் சொல்லும் புனிதச் சித்திரம் அது. மலாங்கியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகுதான் 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் தந்தார்கள். நாடு முழுதும் அந்தச் சித்திரத்தைக் கையில் வைத்துச் செலவழித்தது. அதன் உரிமையாளர் பெயரை யார் கேட்டார்கள்?

நண்பர்களே, நாமும் வார்லிப் பழங்குடியினரின் உருவங்களைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சிடுகிறோம். கோண்டு ஓவியத்தைப் புடவையில் உடுத்துகிறோம். தவறில்லை. கலைகள் எல்லை தாண்டட்டும், கலக்கட்டும். ஆனால் அச்சுக்குப் போகுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரைந்தவர் யார்? அவர் சம்மதித்தாரா? அவருக்குரிய கூலி போய்ச் சேர்ந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் ரசியுங்கள்.