முகிலுக்கு வேண்டிய மின்சாரம்

கணினிச் சேவைக்கு "முகில்" என்று பெயர் சூட்டியவர்கள் வியாபாரத்திலே மிகுந்த சாமர்த்தியசாலிகள் என்றே கொள்ளல் வேண்டும். முகிலுக்குக் காணி தேவையில்லை, பாரமில்லை, எவருடைய முற்றத்தையும் அது அடைப்பதில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படம் முகிலிற் சேர்ந்துவிட்டது என்று சொல்லும்போது, அது ஆகாயத்தில் எங்கோ மிதந்துகொண்டிருப்பதான எண்ணமே கேட்பவர் மனத்தில் எழுகின்றது. உண்மையிலோ அப்படம் ஏதோ ஓர் ஊரில், வேலியிட்ட ஒரு காணியில், சன்னலில்லாத நீண்ட கட்டடம் ஒன்றினுள், அடுக்கடுக்காக வைத்த கணினிகளில் ஒன்றிலே கிடக்கின்றது. அக்கணினிக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். அது கக்கும் சூட்டைத் தணிக்கக் காற்றோ நீரோ வேண்டும். இவற்றைக் கொடுப்பது அந்த ஊர். கொடுப்பது எவ்வளவு, அதற்கான செலவு எவர் தலையிற் போய் விழுகின்றது என்பன அவ்வூர் மக்களுக்கே பல காலம் தெரியாமல் இருந்ததுண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கிலே, ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா நதிக்கரையில் டால்ஸ் என்னும் சிறு நகரம் இருக்கின்றது. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 16,000 பேர். அதற்குச் சற்று மேலே, நதி பாறைகளுக்கிடையே ஒடுங்கிப் பாயும் இடத்தில், முன்னர் செலைலோ நீர்வீழ்ச்சி இருந்தது. ஆதிக்குடிமக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக மரப் பரண்களிலே நின்று, நீண்ட வலைகளால் சால்மன் மீன் பிடித்து வந்த இடம் அது. நதிக்குக் குறுக்கே கட்டப்பட்ட டால்ஸ் அணையின் கதவுகள் 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆந் திகதி மூடப்பட்டன. சில மணி நேரத்துள் வீழ்ச்சி நீருள் மறைந்தது. அதனோடு மீன்பிடித் துறையும் மறைந்தது. அதற்கு ஈடாக நாடு பெற்றது மலிவான மின்சாரம். அவ்வணையின் மின்பிறப்பாக்கிகள் இன்று ஏறக்குறைய 1,800 மெகாவாற்று வலுவைத் தரவல்லன.

மலிவான மின்சாரத்தைத் தேடி முதலில் வந்தது அலுமினியத் தொழில். அலுமினியம் செய்வதற்கு மின்சாரம் இடையறாது ஓடவேண்டும். சில மணி நேரம் நின்றாலும் உலைப் பாத்திரத்திலுள்ள உலோகம் உறைந்து கெட்டுவிடும். ஆகவே நீர்வீழ்ச்சியும் அணையும் உள்ள இடங்களை அத்தொழில் நாடுவது வழக்கம். டால்ஸ் நகரத்திலும் ஓர் உருக்காலை எழுந்தது. தொழிலாளர் பலர் அதனாற் பிழைத்தனர். 2000, 2001ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே மின்சார விலை தாறுமாறாக ஏறியபோது, அப்பகுதி உருக்காலைகள் பல மூடப்பட்டன. டால்ஸ் நகரத்து ஆலையும் நின்றது. ஆலை போயிற்று, மின்கம்பிகளும் நதியும் இருந்தன.

அக்கம்பிகளை நாடி அடுத்து வந்தது கூகுள் கம்பனி. 2005ஆம் ஆண்டில் வேறொரு கம்பனிப் பெயரிலே அது நிலம் வாங்கிற்று. ஊர் அதிகாரிகள் இரகசியம் காப்பதாகக் கையொப்பமிட்டனர். 2006ஆம் ஆண்டில் அங்கே எழுந்த தரவு மையமே அக்கம்பனி தன் தேவைக்கென முதன்முதலிற் கட்டிய பெரும் நிலையம். சொத்து வரியில் அதற்குச் சலுகையும் கிடைத்தது. நோக்குமிடத்து, தரவு மையமும் அலுமினிய ஆலையும் மின்சார விடயத்தில் ஒரே இயல்பின. வீடுகளின் மின் தேவை மாலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும். தரவு மையத்தின் தேவையோ பெரும்பாலும் ஏற்ற இறக்கமின்றி நிற்கும். பொதுக் கம்பியில் மின்சாரம் தடைப்பட்டால் மின்கலங்கள் சில நிமிடம் தாங்கும். அதற்குள் டீசல் மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கிவிடும். வேறுபாடு ஒன்று உண்டு: அதே அளவு மின்சாரத்துக்கு ஆலை கொடுத்த வேலைவாய்ப்புடன் ஒப்பிட்டால், தரவு மையம் கொடுப்பது மிகச் சொற்பம்.

கணினிக்குட் செல்லும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை நீக்கும் மலிவான வழி நீரை ஆவியாக விடுவது. முகில் என்ற பெயருக்கு ஓரளவேனும் பொருத்தமானது அக்கட்டடங்களின் மேல் எழும் அந்த ஆவிதான். அது குடிக்கத்தக்க நகரத்து நீர். எவ்வளவு நீர் போகின்றது என்று ஒரிகன் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று 2021ஆம் ஆண்டில் நகர நிருவாகத்திடம் கேட்டது. அது வியாபார இரகசியம் என்று நிருவாகம் மறுத்தது. விவரத்தை வெளியிடும்படி மாவட்ட வழக்குத்தொடுநர் பணித்தார். உடனே நகர நிருவாகம் பத்திரிகையின் மீதே வழக்குத் தொடுத்தது! தன் குடிகளின் நீர்க் கணக்கைத் தன் குடிகளுக்கு மறைப்பதற்காக ஒரு நகரம் நீதிமன்றம் ஏறிய இந்தக் காட்சி விசித்திரமானது. ஓராண்டுக்கு மேல் இழுபட்ட வழக்கு 2022 டிசம்பரில் இணக்கத்தில் முடிந்து, கணக்கு வெளிவந்தது. 2021ஆம் ஆண்டில் அம்மையங்கள் கொண்ட நீர் ஏறக்குறைய 35 கோடியே 50 இலட்சம் கலன்; நகரம் பயன்படுத்திய நீர் முழுவதிலும் காற்பங்குக்கு மேல்; ஐந்தாண்டுகளில் அது ஏறக்குறைய மும்மடங்காகப் பெருகியிருந்தது. நகரத்து நீரேற்பாடுகளைப் பெருப்பிக்க 2 கோடியே 85 இலட்சம் டொலர் செலவிடக் கம்பனி உடன்பட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அது சிறு தொகை அன்று. ஆயினும், கணக்குத் தெரியாத குடிகள் அது போதுமா போதாதா என்று எங்ஙனம் தீர்மானிப்பர்?

ஒரு சிறு நகரத்துக்கு நீர் எவ்வாறோ, அவ்வாறே ஒரு தேசத்துக்கு மின்சாரம். அயர்லாந்துக்கு மிதமான குளிரும், கம்பனிகளுக்கு இசைவான வரியும், கடலடிக் கம்பித் தொடர்புகளும் உண்டு. ஆகவே பெருங் கம்பனிகள் டப்ளின் நகரைச் சுற்றித் தரவு மையங்களை எழுப்பின. 2015ஆம் ஆண்டில் அந்நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதத்தை அவை உபயோகித்தன. 2023ஆம் ஆண்டில் 21 சதவீதத்தை. அவ்வாண்டில் நகர்ப்புற வீடுகள் யாவும் சேர்ந்து எடுத்தது 18 சதவீதம். 2021ஆம் ஆண்டிலே ஒழுங்காற்று ஆணைக்குழு புதிய இணைப்புகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. இணைப்புக் கிடையாதவற்றுட் சில இயற்கை வாயுக் குழாயை நாடித் தாமே மின்சாரம் உண்டாக்க முற்பட்டன.

செயற்கை அறிவு வந்தபின் பசி இன்னும் வளர்ந்துவிட்டது. முன்னர் ஓர் அடுக்குக் கணினிகளுக்குப் பத்துக் கிலோவாற்று அளவு போதுமாயிருந்தது. புதுவகை அடுக்குகள் சில நூறு கிலோவாற்றுக்கு மேல் வேண்டுகின்றன. இப்பொழுது திட்டமிடப்படும் பெருவளாகங்களிற் சில 1,000 மெகாவாற்றை எட்டுவன. டால்ஸ் அணையின் வலுவிற் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கைக்காரனுக்கு என்று வைத்துப் பார்த்தால் இதன் அளவு புலப்படும். 2024ஆம் ஆண்டில் உலகத் தரவு மையங்கள் கொண்ட மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி அலகு என்றும், 2030ஆம் ஆண்டளவில் அது 94,500 கோடி அலகாகலாம் என்றும் சர்வதேச சக்தி முகவரகம் மதிப்பிட்டுள்ளது. உலக மின்சாரம் முழுவதிலும் 2024ஆம் ஆண்டுப் பங்கு 1.5 சதவீதமே. உலகத்தின் மேல் பரப்பினால் சிறிது; ஆனால் மையங்கள் பரந்து நிற்பதில்லை, ஒரு சில ஊர்களிலே குவிந்து நிற்கின்றன. தொல்லை அங்கேதான்.

இந்நிலையில் மூடிய உலைகளும் திரும்பிப் பார்க்கப்படுகின்றன. பென்சில்வேனியா மாநிலத்தின் திறீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்தில், 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆந் திகதி இரண்டாம் உலையின் கருவப் பகுதி உருகிற்று. பழுதுபடாத முதலாம் உலை பின்னும் பல்லாண்டு இயங்கி, மலிவான வாயு மின்சாரத்தோடு போட்டியிட மாட்டாமல் 2019ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவ்வுலையை மீண்டும் இயக்கி, அது தரும் 835 மெகாவாற்று மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க மைக்ரோசொப்ட் கம்பனி 2024 செப்டெம்பரில் உடன்பட்டது. உலைக்குப் புதுப் பெயரும் சூட்டினர்: கிரேன் தூய சக்தி நிலையம். பெயர் சூட்டுவதில் இத்தொழிலுக்கு என்றுமே குறைவில்லை.

கம்பனிகள் தாம் கொள்ளும் மின்சாரத்துக்கு ஈடாகக் காற்றாலை, சூரிய மின்சாரத்தை வாங்குவதாகச் சொல்வதும் உண்மையே. கூகுள் 2017ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் தான் செலவிட்ட அளவுக்குச் சரியாக அத்தகைய மின்சாரத்தை வாங்கி வருகின்றது. ஆனால் இது ஆண்டுக் கணக்கு. நண்பகலில் ஒரு பாலைவனத்திலே வாங்கிய வெயில், நள்ளிரவில் வேறொரு மாநிலத்துக் கணினியை ஓட்டமாட்டாது. அவ்வேளையில் அங்குள்ள கம்பியில் எது ஓடுகின்றதோ, நிலக்கரியாயினும் வாயுவாயினும், அதுவே ஓட்டும். ஏட்டிலே தூய்மை நிரம்பியிருக்க, கூகுளின் மொத்தப் பச்சைவீட்டு வாயு வெளியீடு 2019ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடையில் 48 சதவீதம் கூடியதென்று அக்கம்பனியின் அறிக்கையே கூறிற்று.

இனி, செலவு. ஒரு பெரு மையத்துக்காகப் புதிய உபநிலையமும் உயரழுத்தக் கம்பித் தொடரும் அமைத்தால், அச்செலவு வழமையாக எல்லா வாடிக்கைக்காரரின் கட்டணத்திலும் பரவும். அவ்வாறாயின் தையற்கடைக்காரரும் ஓய்வூதியக்காரரும் அயலிலுள்ள கம்பனிக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தவராவர். ஒரிகன் மாநிலம் 2025ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. 20 மெகாவாற்றுக்கு மேல் கொள்ளும் தரவு மையங்களைத் தனி வகுப்பாக வைத்து, அவற்றால் நேரும் செலவை அவற்றிடமே அறவிடவேண்டும் என்பது அதன் சாரம். எனினும் அச்சட்டம் தனியார் மின்சாரக் கம்பனிகளையே கட்டுப்படுத்தும். டால்ஸ் நகரத்துக்கு மின்சாரம் வழங்குவது மக்களுக்குச் சொந்தமான மின் வட்டாரம் ஒன்று. அங்கே விலையை வகுப்பவர்கள், தேர்தலில் வாக்காளர் தெரிந்தெடுத்த இயக்குநர்கள்.