பூட்டிய வீட்டு நாய்

கொடும்பாளூர் போன்ற ஊர்களில் முன்பெல்லாம் எந்நேரமும் வீட்டில் ஓர் ஆளாவது இருப்பார்; நாயும் கட்டில்லாமல் தெருவோடு திரியும். இன்று விராலிமலைக்கும் திருச்சிக்கும் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட, நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம். மாலையில் வந்து பார்த்தால் கதவெல்லாம் பிறாண்டல், கூடத்தில் சிறுநீர். "வேணுமின்னே பண்ணுது" என்று அடி விழுகிறது. அது வீம்பல்ல, பயம் என்பதே என் கட்சி. வீம்பு என்றால் எதையும் கடிக்கலாமே! பெரும்பாலும் ஆள் வெளியேறிய வாசலையே பிறாண்டுகிறது, அதுவும் அவர் போன அரைமணிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

"தப்பு செய்தது தெரிந்துதானே தலையைத் தொங்கப் போடுகிறது?" என்பீர்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருமையான பதில். 14 நாய்கள். தின்னாதே என்று சொல்லி, பண்டத்தை வைத்துவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பியதும் நாய் தின்றுவிட்டதாகச் சிலரிடம் பொய் சொல்லப்படும், அவர்களும் திட்டுவார்கள். கேளுங்கள், தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தாம் அதிகம் குழைந்து ஒடுங்கின! நாம் குற்ற உணர்வென்று நினைக்கும் முகம் நம் கோபத்துக்கான பதில்தான். அடித்தால், தனிமைப் பயத்தோடு நாம் திரும்பி வருவதும் பயமாகிவிடும்.

மனிதரைப் பிரியும் பயமெல்லாம் வெளிநாட்டு நாய்க்குத்தான், சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் ஏது என்போரும் உண்டு. கொல்கத்தாவில் ஐசர் (IISER) என்ற அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்களிடமே சோதித்து 2017இல் வெளியிட்டார்கள்: அறிமுகமில்லாதவரை நம்ப வைத்ததில் தீனியைவிடத் தடவிக்கொடுத்ததற்கே பலன் அதிகம். மனிதரை நாடுவதற்குச் சாதி இல்லை.

நேரம் குறைவு, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாவியை எடுத்தாலே பதறுகிறதா? எடுத்துவிட்டு, போகாமல் உட்காருங்கள். அது பழகியபின் சில நொடி வெளியே நின்று, நாய் பதறும் முன்பே திரும்புங்கள்; நேரத்தை மெல்லக் கூட்டுங்கள். இன்னொரு நாயை வாங்கி வருவது பெரும்பாலும் உதவாது, அது தேடுவது உங்களைத்தான். பயிற்சிக்கு வாரக்கணக்கில் ஆகலாம்; அதுவரை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுப்போக முடியுமா பாருங்கள். பதற்றம் கடுமையானால் பயிற்சியோடு மருந்தும் உண்டு. குளோமிப்ரமின் என்ற மருந்து 1998இலேயே அமெரிக்காவில் நாய்களின் தனிமைப் பதற்றத்துக்கென்று அனுமதி பெற்றது. மனிதருக்கு வாங்கிய மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.