எழுதி வைத்த கைப்பக்குவம்

(குன்றத்தூர் விழாவில் ஆற்றிய உரை)



ஒரு குடும்பத்தின் மூதாட்டி மறைந்தால் அவருடைய நகைகள் பங்கிடப்படுகின்றன, பாத்திரங்களும் பங்கிடப்படுகின்றன. அவருடைய கைப்பக்குவம் மட்டும் எவர் பங்கிலும் சேராமல் அவரோடு போய்விடுகிறது. அவ்வாறு போகவிடாத தமிழ்ப் பெண்மணி ஒருவர் உண்டு. அவரே 'சமைத்துப் பார்' நூலை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள்.

1905-இல் பிறந்த அவர் இளமையிலேயே கணவரை இழந்தார். மகனையும் மாமியாரையும் கொழுந்தனையும் பேணும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அவருடைய சமையல் சுற்றத்தாரிடையே பெயர் பெற்றது. செய்முறை கேட்டு மடல்கள் வந்தன. அவற்றை நூலாக்குமாறு உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் ஊக்கினார். 1951-இல் நூல் வெளிவந்தது. தாயிடமும் மாமியாரிடமும் பார்த்தே பெண்கள் சமையல் கற்ற காலம் அது. அருகில் பெரியவர் இல்லாத இளம்பெண்ணுக்கு இன்ன பொருள் இவ்வளவு, இதற்குப் பின் இது என்று அந்நூல் துணை நின்றது. 1962-இல் அம்மையார் மறைந்தார், நூல் மறையவில்லை. குடும்பத்தார் அதனைத் தொடர்ந்து வெளியிட்டனர். மணப்பெண்ணின் சீர்ப்பொருள்களோடும் கடல் கடந்து செல்வோரின் பெட்டியிலும் அது இடம் பெற்றது.

சமணர் அடுக்களையில் எழுதி வைக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அங்கே சுவையோடு அறமும் சேர்ந்தே வேகிறது. சிலப்பதிகாரத்தில் மாதரி இல்லத்தில் கண்ணகி சமைக்கும் காட்சியை நினைவுகூர்க. கோவலன் சாவக நோன்பினன் என்பதால் அடிசில் ஆக்கும் கலங்களை விரைந்து அளிக்கச் சொல்கிறாள் மாதரி. பகற்பொழுதில் உண்ணும் உணவு என்று அதற்கு உரை கூறுவர். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி ஆகியன வருகின்றன. அப்பட்டியலில் ஒரு கிழங்கும் இல்லை!

அந்த அறத்தை இன்றுவரை கொண்டு வந்தவர்கள் வீட்டுப் பாட்டிமார்களே. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதும், பருப்பில் புழு பார்ப்பதும், உருளைக்கு மாற்றாக வாழைக்காயும் இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கும் இடுவதும், கதிர் சாயுமுன் உலையை இறக்குவதும் அவர்கள் கையோடு வந்த கல்வி.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் அது பார்த்தே கற்கப்பட்டது. குன்றத்தூரில் குடியமர்ந்து, ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் முறைமாற்றி வேலைக்குச் செல்லும் இல்லத்தில் பார்ப்பதற்கு நேரம் ஏது? இரண்டாம் ஷிப்டில் இருக்கும் மகனுக்குக் கதிர் சாயுமுன் உண்ண எதைக் கட்டிக் கொடுப்பது, எது மாலைவரை கெடாது என்று இளம் மருமகள் தொலைபேசியில் கேட்கிறாள். விடை சொல்லும் குரல் இன்னும் எத்தனை ஆண்டு ஒலிக்கும்?

ஆதலால், தாய்மார்களே, இவ்விழா முடிந்து இல்லம் சென்றதும் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்குங்கள். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். "ஒரு கை", "கண்ணளவு" என்று பாட்டி சொன்னால், அந்தக் கையை நிறுத்தி அளந்து எழுதுங்கள். செய்முறைக்கு அருகில் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் அறியாதவர் நோன்பை எளிதில் கைவிடுவர். அறிந்தவர் தம் மக்களுக்கும் சொல்வர்.

வாழ்க அறம்!