கைவலியை அலுப்பென்று விட்டுவிடாதீர்!
(தண்ணீர்மலையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் பேசியது)



இந்தத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஏறியிறங்கினால் கால் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் தீரும். அது அலுப்பு. பால்மரம் வெட்டும் கைக்கு வரும் வலி வேறு. 500 மரமுள்ள நிரையில் மணிக்கட்டு எத்தனை ஆயிரம் முறை வளைகிறது, கணக்குப் பாருங்கள்!

நடுநிசியில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போய், கையை உதறினால் தணிகிறதா? காலையில் விரல் மடங்கி நின்று, 'டக்'கென்று நிமிர்கிறதா? மங்கு கை நழுவுகிறதா? தசைநார் வீங்கியிருக்கலாம், நரம்பு நெருக்குண்டிருக்கலாம். எண்ணெய் தேய்த்து மறைக்காதீர்கள். முற்றினால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, கத்தி பிடிக்கவே முடியாது போகும். மழுங்கிய கத்தியும் கையைக் கெடுக்கும், தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராணிமார் சிரிக்க வேண்டாம். எழுத்தர்களின் கைநோவை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713-லேயே எழுதிவிட்டார். பேனா போய்க் கணினி வந்தது; நோவு போகவில்லை.

டாக்டரிடம் வெறுமனே 'கைவலி' என்னாதீர்கள். என்ன வேலை, எத்தனை மரம், எப்போது தொடங்கியது, எல்லாம் சொல்லி எழுதி வாங்குங்கள். 1969-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டப்படி தொழில் நோய்க்கும் நஷ்டஈடு கோரலாம். டாக்டர் சீட்டில்லாமல் மனு நகராது. சீட்டின் நகலைச் சங்கக் கிளையில் கொடுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.