ஓடும் வண்டியும் உறங்கும் வண்டியும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் கலெக்டர்கள் பேசியிருக்கிறார்கள், விஞ்ஞானிகள் பேசியிருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சங்கத்துக்கு என்ன பஞ்சமோ தெரியவில்லை! (சிரிப்பு) நான் இங்கே வேதியியல் படித்தவன். பட்டம் வாங்கியதும் தஞ்சாவூரிலேயே ஒர்க் ஷாப் போட்டேன். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஸ்பேனர் பிடிக்கிறியே, படிச்ச படிப்பு என்ன ஆச்சு?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். துரு என்பது என்ன? வேதியியல்தானே! நாற்பது வருஷமாக எனக்கு தினமும் பிராக்டிகல் கிளாஸ்தான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சின்ன விஷயம். ஆசையாக வைத்திருக்கிற ஒரு காரை, காலம் சரியில்லாத மாதங்களில் ஷெட்டில் நிறுத்தி வைப்பதா, இல்லை வருஷம் பூராவும் ஓட்டுவதா? கேட்பதற்குப் பணக்காரர் கவலை மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குத் தப்பான விடை சொல்லி, ஒரு பெரியவரின் ஆசையை நான் கெடுத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் கனடாவில் டொரோண்டோ பக்கம் இருக்கிறான். அவனிடம் ஒரு பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும், மேலே கூரையை மடக்கி விடலாம், அசல் ஸ்போர்ட்ஸ் கார். நவம்பரில் அதை உள்ளே விட்டால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பான். காரணம் குளிர் மட்டுமில்லை, உப்பு! பனி உறைந்து ரோடு கண்ணாடி மாதிரி ஆகாமலிருக்க அங்கே மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு தண்ணீரின் உறைநிலையைத் தாழ்த்தும் என்று நமக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்களே, அதுதான். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்கிறது. நாலு குளிர்காலம் ஓட்டினால் அந்தப் பழைய வண்டியின் தரைத்தகடு சல்லடையாகிவிடும். அதனால் அவன் நிறுத்துவது நூற்றுக்கு நூறு சரி.

இந்த ஸ்பிட்ஃபயருக்கு நம் ஊரில் ஓர் அண்ணன் உண்டு. ட்ரையம்ப் ஹெரால்டு என்ற காரின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் 1962-இல் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்று செய்து விற்றார்கள். முன்பக்கம் பானெட் முழுவதும் அப்படியே முன்னால் கவிழுமே, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் நண்பனின் தகப்பனார் 1969-இல் ஒன்று வாங்கினார். கரந்தையில் அவர்கள் வீட்டு வாசலில் அது நின்றால் தெருப்பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்போம். அந்தக் காரைத் துடைத்த கையால்தான் நான் பின்னாளில் ஸ்பேனர் பிடித்தேன்.

வண்டி பிறகு பல வருஷம் ஓடாமல் கிடந்தது. 2018-இல் நண்பன் லீவில் வந்து, "அப்பாவுக்கு எண்பத்தேழு ஆகுதுடா. அந்த வண்டியில ஒருதடவை ஐயாறு போயிட்டு வரணும்னு சொல்றாரு. நீதான் பண்ணித் தரணும்" என்றான். கரந்தையிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டருக்குள்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்ட வேண்டும். அந்தக் காலத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவர் அடிக்கடி போன பாதை.

நான் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். செப்டம்பர் கடைசியில்தான் என்ஜின் உறுமியது. அந்தச் சமயம் பார்த்து அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நண்பனுக்கு லீவு முடிந்துவிட்டது. கிளம்பும்போது சொன்னான்: "மழைக்காலம் வருது. நான் அங்க பண்ற மாதிரி வண்டிய மூடி வச்சிடு. தை பொறந்ததும் வர்றேன், அப்பாவ நானே கூட்டிட்டுப் போறேன்." நானும் தலையாட்டினேன். தகர ஷெட்டில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிளாஸ்டிக் தார்ப்பாயை மேலிருந்து கீழ்வரை இறுக்கிக் கட்டினேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

ஐப்பசியில் மழை கொட்டியது. நடுவில் ஒரு நாள் பளீரென்று வெயில். நான் போயிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி, வெயில் அடிக்குதே, ஐயாறு வரைக்கும் போயிட்டு வந்துடலாமா? கண்ணு இப்ப நல்லாத் தெரியுது" என்றார். நான், "ரோடெல்லாம் சேறுப்பா. வண்டி பாழாயிடும். பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. "வண்டியப் பத்தி உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டார்.

நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல். டெல்டாவில் தென்னைகள் எல்லாம் சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஷெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களாப்பா, மூடி வச்சது நல்லதாப் போச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். தார்ப்பாயை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

மார்கழி முடிவதற்குள் அப்பா காலமாகிவிட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, நானும் நண்பனுமாகத் தார்ப்பாயைப் பிரித்தோம். குப்பென்று பூஞ்சை வாடை. சீட்டெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. பின்சீட்டுப் பஞ்சைப் பிய்த்து எலி குடும்பம் நடத்தியிருந்தது, ஒயரையும் கடித்திருந்தது. பேட்டரி செத்துவிட்டது. பின்சக்கரம் இரண்டும் நகரவில்லை. இழுத்துவிட்ட ஹேண்ட் பிரேக்கில் டிரம்மோடு துரு ஒட்டிக்கொண்டது. நல்ல வண்டியைச் சேற்றிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் அந்தப் பெரியவரை ஏற்றாமல் விட்டேன். கடைசியில் வண்டியையும் காப்பாற்றவில்லை. நண்பன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அங்க சரியா இருக்கறது இங்கயும் சரியா இருக்கும்னு நெனச்சது நான்தான்டா" என்றான். ஆனால் மெக்கானிக் நான்தானே? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

அதற்குப் பிறகு இதை யோசிக்காத நாளில்லை. நான் கண்டது இரண்டு விஷயம்.

முதலாவது, எதிரி யார் என்று பார்க்க வேண்டும். கனடாவில் எதிரி ரோட்டிலிருக்கும் உப்பு. அதனால் வண்டி உள்ளே இருக்க வேண்டும். டெல்டாவில் எதிரி காற்றிலிருக்கும் ஈரம். நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். சுற்றிலும் வயலில் தண்ணீர் நிற்கிற ஊரில் கேட்கவா வேண்டும்? பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையை வெளியே நிறுத்துகிறது, ஈரத்தை உள்ளே சிறை வைக்கிறது. தகரக் கூரை ராத்திரியில் குளிர்ந்து வியர்த்துச் சொட்டுகிறது. காற்றோட்டமுள்ள கொட்டகையும் ஒரு பருத்தித் துணியும் இதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது, நிறுத்தி வைப்பது வேறு, போட்டு வைப்பது வேறு. நண்பன் அங்கே நிறுத்துவதற்கு முன் அடிப்பக்க உப்பைக் கழுவுகிறான், ஆயில் மாற்றுகிறான், பெட்ரோல் கெடாதிருக்க மருந்து ஊற்றுகிறான், பேட்டரியைக் கழற்றி மெல்ல சார்ஜ் ஏற்றுகிறான், ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறான். நிறுத்துவதும் ஒரு வேலை. நான் செய்தது போட்டு வைத்தது.

அப்படியானால் தினமும் ஸ்டார்ட் செய்தால் போதுமா? போதாது! வாசலில் நிறுத்தி ஐந்து நிமிஷம் உறும விடுவது பெரிய கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், மாணவர்களே. என்ஜின் நன்றாகச் சூடானால்தான் அந்த நீராவி வெளியே போகும். இல்லாவிட்டால் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி அரிக்கும். ஆகவே பத்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். திரும்பியதும் அடியில் ஒட்டிய சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள். வெள்ளம் ஓடும் ரோட்டில் மட்டும் இறங்காதீர்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தால் அதன் மேல் போய் நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சரில் சிக்கினால் பற்றிக்கொள்ளும். பிரேக் ஆயில் தானே ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்றைக்கு வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதுவும் ஈரத்தை இழுக்கும், பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஹாஸ்டலில் பைக்கை விட்டுப் போகிற தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

நம் ஊருக்கு இது புதுப் பாடமில்லை. தேரையும் இங்கிலீஷில் கார் என்றுதானே சொல்கிறார்கள்? வருஷத்தில் ஒரு நாள் ஓட்டத்துக்காக மற்ற நாளெல்லாம் காத்திருக்கிற வண்டி அது. திருவாரூர் ஆழித்தேர் பல வருஷம் ஓடாமல் நின்று, 1970-இல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலையார் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்தார்கள். நம் பெரிய கோயில் தேரோ ஏறத்தாழ நூறு வருஷம் ஓடவில்லை. 2015 ஏப்ரலில் ஓடியது புதிதாகச் செய்த தேர். பழையதை யார் திருப்பித் தர முடியும்?

ஹெரால்டை மறுபடி சரி செய்ய எனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. காசு வாங்கவில்லை. இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை, மழையானாலும் வெயிலானாலும், ஐந்து பாலம் தாண்டி ஐயாறு போய் வருகிறேன். முன்சீட்டில் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இன்று அந்த வண்டியில்தான் வந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாப்பாடு முடிந்ததும் எடுக்கிறேன். நம் ஆசிரியர்கள் முதலில் ஏறட்டும். ஐயா, வானம் கருத்திருக்கிறது, தூறல் வந்தாலும் வரும். பரவாயில்லை, போவோம்.