பேர் ஒன்று, நன்னன் இரண்டு

நடுவர் அவர்களே! பரம்பரைப் பட்டத்துக்குப் பெருமை சொத்துதான் என்று எதிரணியினர் முழங்கினார்கள். குணம்தான் என்கிறேன் நான்.

ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அப்பன் பேரும் நன்னன், பிள்ளை பேரும் நன்னன். சொத்து? மலைதான்! 'நன்னனோட கூத்தர் நாங்க'ன்னு சொன்னால் போதும். வழியிலிருக்கிற மலைக்குடிசையெல்லாம் தினைச்சோறும் இறைச்சியும் போடுமாம். மலைபடுகடாம் 583 அடியில் சொல்கிறது. அரண்மனை போய்ச் சேருமுன்னே வயிறு நிறைஞ்சிடுதய்யா! (சிரிப்பு)

இன்னொரு நன்னன் உண்டு, இவன் வேறு. ஆற்றிலே மிதந்து வந்த இவனுடைய மரத்து மாங்காயை ஒரு பெண் தின்றுவிட்டாள். 81 யானையும், அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்றார்கள். கேட்டானா? கொன்றான். குறுந்தொகை 292 சொல்கிறது.

பழி அவனோடு போச்சா? புறநானூறு 151-ஐப் பாருங்கள். பெருந்தலைச் சாத்தனார் இளங்கண்டீரக்கோவைத் தழுவினார். பக்கத்திலிருந்த இளவிச்சிக்கோவைத் தழுவவில்லை. ஏன்? கண்டீரக்கோ நாட்டிலே, ஆண்கள் வெளியூர் போனாலும் பெண்களே பாடிவந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். விச்சிக்கோ, பெண்ணைக் கொன்ற நன்னனின் வழிவந்தவன். பாடுவோருக்கு அந்த வீட்டுக் கதவு அடைப்பு!

பட்டம் வாரிசுக்கு வந்தால் பழியும் வருமய்யா!

1948 சட்டத்தில் ஜமீன்கள் ஒழிந்தன. 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. ஆனால் வீடு வாசல் நமக்கும் உண்டே? தாய்மார்களே, பிள்ளைக்கு வீட்டை எழுதி வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வந்தவருக்குக் கதவைத் திறக்கவும் சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பத்திரச் செலவு கிடையாது! (கைதட்டல்)